1943 கோபன்ஹேகன் பின்னணியில் சிறுவர் நாவல்: பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் கொடுக்கலாம்?

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு சிறுவர் நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. கதை நடப்பது டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், 1943 இலையுதிர் காலத்தில். ஒரே கட்டடத்தில் குடியிருக்கிற, ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு சிறுமிகள். இங்கெர் டேனிஷ் பெண், ஹன்னா யூதப் பெண். ஹன்னாவுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி.

முதல் ஏழு அத்தியாயங்கள் நன்றாகவே வந்துவிட்டன. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை உள்ளே வந்ததிலிருந்து மூன்றரை வருட வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. நிலக்கரி போதாத குளிர்காலம், ஜன்னலை மூடும் கறுப்புத் திரை, தோல் கிடைக்காமல் மீன்தோலில் தைத்த காலணி, தெருமுனையில் நிற்கிற சிப்பாய்களைப் பார்க்காத மாதிரி கடந்துபோகப் பழகிவிட்ட பிள்ளைகள். இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

எட்டாவது அத்தியாயத்தில்தான் சிக்கல். யூதக் குடும்பங்களைப் பிடிக்க வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கதை முழுக்கப் பெரியவர்கள் கைக்குப் போய்விடுகிறது. அப்பா தொலைபேசியில் பேசுகிறார், மாமா போரில் சேராத சுவீடனுக்குக் கடல்வழியாகத் தப்பிப்போகப் படகுக்கு ஏற்பாடு செய்கிறார், இங்கெர் கதவோரமாக நின்று பார்க்கிறாள். அவளுக்கும் ஏதாவது செய்யக் கொடுக்க வேண்டுமே என்று, கூடைக்குள் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்கிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். எழுதும்போது விறுவிறுப்பாக இருந்தது, மறுநாள் படித்தபோது ஒரு வரியைக்கூட என்னால் நம்ப முடியவில்லை.

போன வாரம் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். துப்பாக்கிக் காட்சியில் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒரு சிறுமி, "அப்போ ஹன்னா என்ன செஞ்சா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஹன்னா ஒளிந்திருந்தாள், அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

என் கேள்வி இதுதான்: போர்க்காலக் கதையில் ஒரு பிள்ளையின் துணிச்சலைப் பொய்யில்லாமல் எப்படிக் காட்டுவது? பயத்தை எந்த அளவுக்குச் சொல்லலாம்? யூதர்களைக் கொண்டுபோய் அடைத்த முகாம்களைப் பற்றி இந்த வயதில் பேசலாமா? அப்புறம், வேறு நாடுகளில் யூதர்களை அடையாளம் காட்ட ஜெர்மானியர் அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் அரசர் தானும் அணிந்துகொண்டு குதிரையில் வந்தார் என்று ஒரு காட்சி வைத்திருக்கிறேன். அது நடக்கவேயில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

---

பழையஏடு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் உறுதியான பதில் உண்டு. உங்கள் நண்பர் சொன்னது சரி, அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். டென்மார்க்கில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற உத்தரவே போடப்படவில்லை, ஆகவே அரசர் அதை அணிய வேண்டிய தேவையும் வரவில்லை. அரசர் பத்தாம் கிறிஸ்தியன் காவலர் யாருமில்லாமல் தினமும் தனியாகக் குதிரையில் நகரத்தைச் சுற்றிவந்தது மட்டும் உண்மை. அதுவும் 1942 அக்டோபரில் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டதோடு நின்றுபோனது. ஆகவே உங்கள் கதையின் தொடக்கத்தில், இங்கெருக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்போது, அவள் அவரைத் தெருவில் பார்க்கலாம். 1943-இல் பார்க்க முடியாது.

இனி நாட்களின் வரிசை. இது உங்கள் எட்டாவது அத்தியாயத்துக்கு நிச்சயம் உதவும் என்று நினைக்கிறேன். 1943 ஆகஸ்ட் 29 அன்று விடியற்காலையில் டென்மார்க் கடற்படை தன் கப்பல்கள் ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாது என்று தானே வெடிவைத்து மூழ்கடித்தது. கோபன்ஹேகன் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் விழித்திருப்பார்கள். அன்றே அரசாங்கம் செயலிழந்தது, ராணுவச் சட்டமும் இரவு ஊரடங்கும் வந்தன. செப்டம்பர் 28 அன்று ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் விவகாரங்களைக் கவனித்துவந்த டுக்விட்ஸ் என்ற அதிகாரி, கைது நடக்கப்போகிறது என்ற ரகசியத்தை டென்மார்க் அரசியல் தலைவர் ஹெட்டோஃப்டிடம் சொல்லிவிட்டார். எச்சரித்தவரே ஜெர்மானியர் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். மறுநாள் 29-ஆம் தேதி காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்தின நாள், தொழுகைக்கூடத்தில் யூத மதகுரு ரபி மெல்கியோர் வழிபாட்டை நிறுத்தி, உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். கைது வேட்டை அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை இரவு நடந்தது.

இந்த இரண்டு மூன்று நாட்களைத்தான் நீங்கள் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள். உண்மையில் அந்த நாட்களில் நடந்தது என்ன? செய்தி வாய்வழியாக வீடு வீடாகப் போனது. ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, யூதப் பெயர் போலத் தெரிந்தவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். இன்னொரு விஷயம், பலரும் அதை முதலில் நம்பவில்லை. யூத சமூகத்தின் தலைவரே ஹெட்டோஃப்ட் நேரில் வந்து சொன்னபோது நம்ப மறுத்தார். மூன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இப்போது மட்டும் என்ன என்ற எண்ணம்.

உங்கள் இங்கெருக்கு அந்த இடம் போதாதா? எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு முதிய பியானோ ஆசிரியை இருக்கிறார் என்று வையுங்கள். அம்மா இங்கெரிடம் செய்தியைச் சொல்லி அனுப்புகிறாள். கிழவி சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத ஒரு பிள்ளை மறுபடியும் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது தட்டலே துப்பாக்கியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

---

வாசிப்புமேசை எழுதியது:

நான் ஒரு நூலகத்தில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறவள். போர்க்காலக் கதைகளும் நிறைய வாசித்திருக்கிறேன், அந்த அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது பயங்கரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை அவர்களைக் கலங்கவைப்பது தெளிவின்மைதான். ஒரு காட்சியில் என்ன ஆபத்து, எது நடந்தால் என்ன ஆகும் என்று சரியாகப் புரிந்துவிட்டால், எவ்வளவு இறுக்கமான காட்சியானாலும் கூடவே வருவார்கள். "ஏதோ கெட்டது நடக்கப்போகிறது" என்று மூட்டமாக விட்டால் அன்றிரவு தூங்காமல் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் பயத்தைக் குறைப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்கு எல்லை போடுங்கள். கதவுக்கு வெளியே இரண்டு பேர். அவர்கள் கையில் ஒரு பட்டியல். தம்பி அழுதால் கேட்டுவிடும். இவ்வளவு போதும்.

அடுத்தது, துணிச்சல் எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பயம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். தொண்டை வறண்டுபோவது, மாடிப்படியில் கால் பின்னுவது, மூத்திரம் முட்டுவது. கடைசியைப் பல எழுத்தாளர்கள் எழுதக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் நான் வாசிக்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிற இடம் அதுதான், ஏனென்றால் அது அவர்களுக்கு நடந்திருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே இங்கெருக்கு ஒரு சின்ன பயம் இருக்கட்டும், விளக்கணைத்த மாடிப்படி என்று வையுங்கள். பழையஏடு சொன்ன அந்த நான்காவது மாடிக்கு அவள் அந்த இருட்டுக்குள் ஏறிப்போக வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லக் கூடாது. தெரியாததை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வேலைகளில் இருந்தவர்கள் வேண்டுமென்றே ஒருவருக்கொருவர் குறைவாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு, திறக்காதே, கேட்காதே என்று அனுப்பினால் பிள்ளையின் துணிச்சல் நம்பும்படி இருக்கும்.

---

ஈரமண் எழுதியது:

வாசிப்புமேசை சொன்னதில் பயத்தைப் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். அந்தப் பொட்டலத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. என்னவென்று தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் அது கீழ்ப்படிதல், நடுவில் மாட்டாமல் போனால் அதிர்ஷ்டம். துணிச்சல் என்று சொல்ல, அவள் முன்னால் இரண்டு வழி இருக்க வேண்டும், ஒன்றில் அவளுக்கு ஆபத்து இருக்க வேண்டும், அது அவளுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். எல்லாம் தெரிய வேண்டியதில்லை. "பிடிபட்டால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள்" என்கிற அளவுக்காவது தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை அந்த வீட்டில் ஒரு தபால்பெட்டியாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் தாழ்வாரம், நான் எழுத வந்தது ஹன்னாவைப் பற்றி. உங்கள் பதிவைப் படித்தபோது ஒரு வரி உறுத்தியது. "இங்கெர் டேனிஷ் பெண், ஹன்னா யூதப் பெண்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹன்னாவும் டேனிஷ் பெண்தானே? அதே பள்ளி, அதே பாட்டு, அதே சைக்கிள். மீட்புக்கு உதவியவர்களில் ஏராளமானோர் அதை "அவர்களுக்குச் செய்த உதவி" என்று நினைக்கவில்லை, தங்கள் அண்டைவீட்டாரை அந்நியன் வந்து பிடிக்கிறான் என்று நினைத்தார்கள். அக்டோபர் 3 ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட ஆயர்களின் கடிதமும் அந்த உணர்வோடுதான் பேசியது. உங்கள் நாவலில் ஹன்னாவை முதல் வரியிலேயே வெளியாள் ஆக்கிவிட்டால், இங்கெர் செய்வது தர்மமாகிவிடும், நட்பாக இருக்காது.

அந்தச் சிறுமி கேட்ட கேள்விதான் உங்கள் நாவலின் ஓட்டை. மீட்புக் கதைகளில் இது அடிக்கடி நடக்கிறது. காப்பாற்றுகிற பிள்ளைக்கு மனசு, பயம், முடிவு எல்லாம் இருக்கும். காப்பாற்றப்படுகிற பிள்ளை ஒரு மூட்டை மாதிரி வண்டியில் ஏறி, படகில் ஏறி, அக்கரையில் இறங்கிவிடும். கடைசியில் நன்றி சொல்ல மட்டும் வாய் திறக்கும். படிக்கிற பிள்ளைகளில் யாராவது ஒரு பிள்ளை ஹன்னாவின் இடத்தில் இருந்தால், அதாவது ஊரைவிட்டு ஓடிவந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால், அதற்கு இந்தப் புத்தகம் என்ன கொடுக்கிறது?

ஹன்னா என்ன செய்தாள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த பெயரை ஒரே இரவில் விழுங்கிவிட்டு வேறு பெயர் சொல்லப் பழகுகிறாள். தம்பிக்கும் அதைப் பழக்குகிறாள், மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள், ஒவ்வொரு முறையும் அவன் தன் உண்மையான பெயரைத்தான் பெருமையாகச் சொல்வான். எதை விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்கிறாள். சின்னக் குழந்தைகள் படகில் அழுதுவிடக் கூடாது என்று மருத்துவர்கள் ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள் என்பது பதிவான விஷயம். அப்படித் தூங்குகிற தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, மீன்பிடிப் படகின் அடித்தளத்தில், மேலே பலகை மூடியிருக்க, அவன் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே கடலைக் கடக்கிற பத்து வயதுப் பெண்ணுக்குத் துணிச்சல் இல்லையா?

அத்தியாயங்களை மாற்றி மாற்றி இருவருக்கும் கொடுங்கள். ஒன்று இங்கெர் சொல்வது, ஒன்று ஹன்னா சொல்வது. ஒரே இரவைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்க்கலாம்.

---

பழையஏடு எழுதியது:

கதவு என்று சொன்னதும் ஞாபகம் வந்தது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். அக்டோபர் 1 இரவு வேட்டைக்குப் போன ஜெர்மானியப் போலீசாருக்கு, கதவை உடைத்து உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. மணி அடிப்பார்கள், தட்டுவார்கள், திறக்காவிட்டால் போய்விட வேண்டும். ஆகவே செய்தி கிடைக்காமலோ நம்பாமலோ வீட்டிலேயே இருந்துவிட்ட சிலர், சத்தம் போடாமல் கதவைத் திறக்காமல் இருந்தே தப்பித்தார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த உத்தரவு தெரியாது. தெரியாமல்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

ஹன்னாவின் குடும்பம் ஒரு நாள் தாமதித்துவிட்டது என்று வையுங்கள், உங்கள் மொத்த நாவலும் அந்தக் கதவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். மணி அடிக்கிறது. திறந்துவிடலாம், இல்லாவிட்டால் கதவை உடைப்பார்கள் என்று ஒரு பெரியவர் எழப்போகிறார். ஹன்னா அவர் கையைப் பிடித்து உட்காரவைக்கிறாள். சின்ன அசைவுதான்.

---

தாழ்வாரம் எழுதியது:

ஈரமண், அந்த "டேனிஷ் பெண், யூதப் பெண்" விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. கையெழுத்துப் பிரதியில் தேடிப் பார்த்தேன், நான்கு இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்றுகிறேன். கதவுக் காட்சியை நேற்று இரவே எழுதத் தொடங்கிவிட்டேன். துப்பாக்கி போய்விட்டது, அரசரும் போய்விட்டார்.

முகாம்களைப் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை.

---

கல்மேடு எழுதியது:

இந்த இழையில் எல்லாம் தப்பித்தவர்களைப் பற்றியே பேச்சு. அது இயல்புதான், சுமார் 7,200 யூதர்களும் அவர்களுடைய யூதரல்லாத உறவினர்கள் 700 பேர் போலவும் சில வாரங்களில் சுவீடன் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம். ஆனால் சுமார் 470 பேர் பிடிபட்டார்கள். தொழுகைக்கூடத்தை ஒட்டியிருந்த முதியோர் இல்லத்திலிருந்த கிழவர்களையும் கிழவிகளையும் கொண்டுபோனார்கள். கில்லெலாயெ என்ற மீனவ ஊரில் அக்டோபர் 6 இரவு தேவாலயத்தின் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் ஒரே இரவில் சிக்கினார்கள். பிடிபட்டவர்களைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள், அவர்களில் சுமார் ஐம்பது பேர் அங்கேயே இறந்தார்கள். அந்த வகுப்பறையில் ஒரு நாற்காலி கடைசிவரை காலியாக இருக்கும்படியாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹன்னா தப்பித்தாள் என்பதற்கு அப்போதுதான் எடை வரும்.

படகுக்காரர்களையும் தேவதூதர்கள் ஆக்க வேண்டாம். ஓர் ஆளைக் கடத்திவிடச் சராசரியாக டென்மார்க் நாணயத்தில் 1,000 குரோனர் வாங்கினார்கள், ஒரு தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். சிலர் இன்னும் மிக அதிகமாகக் கேட்டார்கள், சிலர் காசே வாங்கவில்லை. பிடிபட்டால் படகும் போகும், பிழைப்பும் போகும் என்று பயந்தவர்கள் அவர்கள், தொடக்கத்தில் ஆபத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பணம் இல்லாதவர்களுக்காக மற்றவர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதன் காசும் வாங்கிக்கொண்டு, உயிரையும் பணயம் வைக்க முடியும் என்பதை அவர்கள் தாராளமாகப் புரிந்துகொள்வார்கள்.

எனக்கு இன்னொரு பெரிய கவலையும் உண்டு. இந்தக் கதையை மட்டும் படிக்கிற பிள்ளை, எல்லா நாட்டிலும் அண்டைவீட்டார் இப்படித்தான் நடந்துகொண்டார்கள் என்று நினைத்துவிடும். பக்கத்து நாடான நார்வேயில் 1942 நவம்பர் 26 அன்று ஒரே கப்பலில் 500-க்கும் மேற்பட்ட யூதர்களை ஓஸ்லோவிலிருந்து ஏற்றினார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பிடித்ததில் நார்வே போலீசாருக்கே பங்கு உண்டு. நெதர்லாந்தில் இருந்த யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் திரும்பவில்லை. டென்மார்க்கில் முடிந்ததற்கு அங்கிருந்த மனிதர்களின் குணம் ஒரு காரணம். ஆனால் அங்கே யூதர்களுடைய எண்ணிக்கை குறைவு, அக்டோபர் 2 அன்று சுவீடன் எல்லோரையும் ஏற்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்தது, டென்மார்க் கரையிலுள்ள ஹெல்சிங்கோர் அருகே சுவீடனுக்கு இடையிலான கடலின் அகலம் நான்கு கிலோமீட்டர்தான், எச்சரிக்கையும் முன்கூட்டியே கிடைத்தது. இவையெல்லாம் சேர்ந்ததால்தான் முடிந்தது. இதைக் கதைக்குள் திணிக்க வேண்டாம், பின்னுரையாக இரண்டு பக்கம் எழுதுங்கள்.

---

வாசிப்புமேசை எழுதியது:

ஈரமண் சொன்ன தபால்பெட்டியைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். அவர் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அவளுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

முகாம் பற்றி: கல்மேடு கேட்கிற காலி நாற்காலிக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் நார்வேக் கப்பலைப் பத்து வயதுப் பிள்ளையின் பின்னுரையில் வைப்பதாக இருந்தால், எந்தச் சொற்களில் வைக்கிறோம் என்று மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நான் கடைப்பிடிக்கிற வழி ஒன்று உண்டு. பிள்ளை கேட்கிற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்வேன், கேட்காத கேள்விக்குப் பதிலைத் திணிக்க மாட்டேன். "அவங்களை எங்கே கொண்டுபோனாங்க?" என்று கேட்டால், "மக்களை அடைத்துவைத்து, பலரைக் கொன்ற இடத்துக்கு" என்று சொல்லுவேன். எப்படிக் கொன்றார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்டதே இல்லை. ஏன் யாரும் தடுக்கவில்லை என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னுரையில் இடம் ஒதுக்குங்கள்.

முக்கியமாக, கொண்டுபோகப்பட்டவர்களுக்கு "தூரதேசத்தில் வேலை கொடுத்தார்கள்" என்பது மாதிரி மழுப்ப வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளை வேறொரு புத்தகத்தில் உண்மையைப் படிக்கும், அப்போது உங்கள் புத்தகத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

---

ஈரமண் எழுதியது:

முடிவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். படகு அக்கரை சேர்வதோடு முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஹன்னா போவது 1943 அக்டோபரில், டென்மார்க் விடுதலை ஆவது 1945 மே மாதத்தில். பத்தொன்பது மாதம். பத்து வயதுக்காரிக்குப் பத்தொன்பது மாதம் என்பது அரை ஆயுள் மாதிரி. அங்கே அவளுக்கு வேறு மொழி, வேறு தோழிகள், உயரமும் கூடிவிட்டது. திரும்பி வந்தவர்களில் பலருடைய வீட்டை அண்டைவீட்டார் துடைத்துப் பெருக்கி அப்படியே வைத்திருந்தார்கள். வேறு சிலருடைய வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

ஹன்னா வீட்டுச் சாவி இங்கெரிடம் இருக்கட்டுமே. போகிற இரவில் ஹன்னா கொடுத்துவிட்டுப் போனது. அந்தப் பத்தொன்பது மாதத்தையும் இங்கெர் பக்கமிருந்து எழுத அது போதும். எப்போதாவது போய்க் கதவைத் திறந்து, தூசி தட்டி, ஒரு நாள் ஹன்னாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுது, இன்னொரு நாள் போக மறந்து, மறந்ததற்காகத் தன்மேல் தானே கோபப்பட்டு. ஹன்னா வந்து நிற்கும்போது இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் அந்தத் தயக்கத்தைத் தாங்குவார்கள். விடுமுறை முடிந்து தோழியைப் பார்க்கும்போதே அவர்களுக்கு அது வருகிறது.

---

தாழ்வாரம் எழுதியது:

சாவியை எடுத்துக்கொள்கிறேன், ஈரமண். ஆனால் என் கதையில் அதை ஹன்னா கொடுக்க மாட்டாள். அவசரத்தில் பூட்டாமலே போய்விடுகிறார்கள், மறுநாள் காலை இங்கெர் அந்தத் திறந்த கதவைப் பார்க்கிறாள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறாள், யாராவது பார்த்தால் அவர்கள் வீட்டோடு தொடர்பு என்று தெரிந்துவிடும். அப்புறம் உள்ளே போய் ஆணியில் மாட்டியிருக்கிற சாவியைத் தானே எடுத்துப் பூட்டிவிட்டு வருகிறாள். யாரும் சொல்லாமல் அவளே எடுக்கிற முதல் முடிவு அது. அந்தக் காட்சியை வாசித்தபோது, ஹன்னா என்ன செய்தாள் என்று கேட்ட அதே சிறுமி, "பூட்டும்போது சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கடைசி அத்தியாயத்தில் ஹன்னா சுவீடன் கரையில் இருக்கிறாள், போர் முடிந்த செய்தி வருகிறது. அங்கிருந்து அவளுக்கு எதிர்க்கரை தெரியுமா?

---

பழையஏடு எழுதியது:

சுவீடன் கரையிலுள்ள ஹெல்சிங்போர்கில் வையுங்கள், தெரியும். அங்கே நீரிணை மிகவும் குறுகல், எதிரே ஹெல்சிங்கோர் கோட்டையே கண்ணுக்குத் தெரிகிற தூரம். போர் நடந்த வருடங்களில் டென்மார்க் பக்கம் இரவில் இருட்டடிப்பு. அந்தக் கரையில் ஒளிந்திருந்தவர்கள் எதிரே சுவீடனின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டுதான் படகுக்குக் காத்திருந்தார்கள், அதை இங்கெர் பக்கத்து அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள். 1945 மே 4 மாலை, ஜெர்மானியப் படை சரணடைகிறது என்ற செய்தியை லண்டன் வானொலியின் டேனிஷ் ஒலிபரப்பில் கேட்டதும் மக்கள் கறுப்புத் திரைகளைக் கிழித்தெறிந்துவிட்டு ஜன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்றும் அந்தத் தேதியில் அங்கே பல வீடுகளில் ஏற்றுகிறார்கள்.

நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெழுகுவர்த்தி தெரியாது, ஹன்னாவுக்கு அது தெரிந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கறுப்பாகவே பார்த்துப் பழகிய கரை அன்றைக்குக் கொஞ்சம் வெளுத்திருந்தது என்று எழுதலாம்.